பனி ஏரியில் ஒரு பாடு



பழவேற்காட்டு ஏரிக்கரையில் 'பாடு' என்றொரு சொல் வழங்கி வருகிறது. பிற ஊரார் அச்சொல்லைக் கேட்டால் துன்பம் என்றே பொருள் கொள்வர். எங்கள் பக்கத்துக் குப்பங்களிலோ பாடு என்றால் முறை என்று பொருள். ஏரியில் இறால் மிகுதியாய்க் கிடைக்கும் இடங்கள் இன்னின்னவை என்பதை முன்னோர் கண்டறிந்து வைத்திருக்கின்றனர். அவ்விடங்களில் எல்லாரும் ஒரே நாளில் வலையை இறக்கினால் எவருக்கும் எதுவும் மிஞ்சாது. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் கூடிச் சீட்டெடுத்து, இன்ன நாள் இன்னாருக்கு என்று வகுத்துக் கொள்ளும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. எத்துணைப் பெரிய வலை உடையவராயினும் தமக்குரிய பாடு வரும்வரை அவர் கரையில் காத்திருக்கத்தான் வேண்டும்.

நேர்மையான ஏற்பாடு என்றே ஆய்வாளர்கள் இதனைப் பாராட்டி எழுதியிருக்கின்றனர். அதில் ஐயமில்லை. எனினும் அச்சீட்டுகளில் எழுதப்படும் பெயர்கள் யாவும் ஆடவர் பெயர்களே. பெண்கள் ஏரியை நம்பி வாழவில்லையா என்றால், வாழத்தான் செய்கின்றனர். கழுத்தளவு நீரில் நின்று, ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக் கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களை இங்கே இன்றும் காணலாம். வந்த மீனைக் கூடையிலேற்றித் தெருத்தெருவாய் விற்பவர்கள் மீனவப் பெண்கள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பனையோலைக்குச் சாயமேற்றிப் பெட்டியும் கூடையும் முடைபவர்கள் நம் வீட்டுப் பெண்கள். உழைப்பில் பங்குண்டு, சீட்டில் பெயரில்லை.

இம்மாதப் பக்கத்தில் நான் எழுத வந்தது மீன்பிடிப்பைப் பற்றியன்று. ஒரு விளையாட்டைப் பற்றி. ஆயினும் இந்தப் 'பாடு' என்னும் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. காரணம், எட்டாம் வகுப்பில் படிக்கும் என் தங்கை மகள் கேட்ட ஒரு கேள்வி.

ஒரு மாலைப்பொழுதில் நான் ஓலை கிழித்துக் கொண்டிருந்தேன். அவள் கைத்தொலைபேசியை என்முன் நீட்டினாள். சுற்றிலும் மொட்டை மலைகள். நடுவே வெண்ணிறத்தில் உறைந்து கிடக்கும் ஒரு நீர்நிலை. அதன்மேல் தலைக்கவசமும் முழங்கால் காப்பும் அணிந்த பெண்கள், கையில் வளைந்த மட்டையுடன், காற்றைப்போல் சறுக்கிக் கொண்டிருந்தனர்.

"பெரியம்மா, இது நம் நாடுதானாம். ஏரிமேலேயே விளையாடுகிறார்கள்!" என்றாள்.

"குளிர்நாட்டு ஏரி அம்மா. உறைந்து விட்டால் தரைபோல் ஆகிவிடும்" என்றேன்.

சற்று நேரம் பார்த்துக் கொண்டிருந்தவள் கேட்டாள்: "சரி, இந்தப் பெண்களுக்கு அந்த ஏரியில் பாடு கொடுத்தது யார்?"

குப்பத்துத் தோழிகளோடு பள்ளி செல்பவள் ஆதலால் அச்சொல் அவள் நாவில் இயல்பாக வந்தது. எனக்கோ உடனே விடை சொல்லத் தெரியவில்லை. தேடிப் படித்துத் தெரிந்து கொண்டதை அவளுக்குச் சொன்னேன். அதனையே உங்களோடும் பகிர்ந்து கொள்கிறேன்.

உறைந்த நீர்மேல் ஓர் ஆட்டம்

அவள் கண்ட காட்சி லடாக்கைச் சேர்ந்தது. அதன் தலைநகராகிய லே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. எங்கள் பழவேற்காடு கடலோடு கை கோத்து நிற்கும் ஊர். ஏரியின் உப்பு கூடுவதும் குறைவதும் முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் வந்து போவதைப் பொறுத்தே அமையும். இவ்விரு இடங்களுக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். லடாக்கில் 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பாங்கோங் என்னும் பெரிய ஏரி உள்ளது. கடலுக்கு எட்டாத அந்த மலைமுகட்டு ஏரியின் நீரும் நம் ஏரியைப்போல் உவர் நீரே! உப்புநீர் எளிதில் உறையாது. பூச்சியத்திற்குக் கீழே இன்னும் இறங்கினால்தான் உறையும். அத்தகைய நீரையும் பாறைபோல் இறுகச் செய்யும் குளிர் அங்கே நிலவுகிறது. சனவரி இரவுகளில் பூச்சியத்திற்குக் கீழே 15 பாகை, சில வேளைகளில் 20 பாகை வரை வெப்பநிலை இறங்குவதுண்டு.

வயல் வேலை நின்றுபோகும் அந்தப் பனிக்காலந்தான் லடாக்கில் விளையாட்டுக் காலம். லே நகரின் கர்சூ குளம் போன்ற நீர்நிலைகளே ஆடுகளங்கள். களம் தானாக அமைந்து விடுவதில்லை. இரவு நேரத்தில், குளிர் உச்சத்தில் இருக்கும்போது, தண்ணீரை மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும். அது உறைந்தபின் அதன்மேல் மற்றொரு படலம். இப்படி அடுக்கடுக்காக ஏறினால்தான் பிளவில்லாத தளம் கிடைக்கும். பனி பெய்தால் அதனை வாரிக் கொட்ட வேண்டும். நண்பகல் வெயில் ஏறினால் மேற்பரப்பு நெகிழ்ந்துவிடும். ஆகவே காலையும் மாலையுமே நல்ல நேரம். மொத்தத்தில் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை ஏறத்தாழ இரண்டு மாதங்கள். அதற்குள் பயிற்சியும் பந்தயமும் முடிந்தாக வேண்டும்.

ஆட்டத்தின் பெயர் ஐஸ் ஹாக்கி. ஒரு பக்கத்திற்குக் கோல் காவலரையும் சேர்த்து ஆறு பேர். பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் தட்டையான ரப்பர் வில்லை. அதன் குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை ஏறத்தாழ 160 கிராம். இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக ஆட்டம் நடைபெறும்.

இதில் என் தங்கை மகளுக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்றுண்டு. களத்தில் ஆறு பேரே நின்றாலும் அணியில் இருபது பேர் வரை இருப்பர். சறுக்கியோடும் வேகத்தில் எவரும் முக்கால் நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடத்திற்கு மேல் ஈடுகொடுக்க இயலாது. ஆகவே ஆட்டம் நில்லாமல் நடந்து கொண்டிருக்கும்போதே ஆடியவர் வெளியேற, காத்திருந்தவர் உள்ளே குதிக்கிறார். கோல் காவலர் தவிர மற்றெல்லாருக்கும் முறை வந்து கொண்டே இருக்கும்.

"அப்படியென்றால் ஆட்டத்துக்குள்ளேயே பாடு இருக்கிறது!" என்றாள் அவள்.

களத்திற்குள் முறை வருவதற்கு முன்னே, களமே முறைக்கு வரவேண்டும் அன்றோ? அந்தக் கதைதான் நெடியது.

மிச்ச நேரமும் இரவல் காலணியும்

லடாக்கில் இவ்விளையாட்டு படைவீரர்கள் வாயிலாகப் பரவியது என்பர். தொடக்கக் காலத்தில் சறுக்குக் காலணி வாங்க வசதியற்ற இளைஞர்கள், பழைய இராணுவக் காலணிகளின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திக் கொண்டு சறுக்கினர். நாளடைவில் ஆடவர் அணிகள் பெருகின. இந்திய ஐஸ் ஹாக்கிச் சங்கம் 1989இல் உலகச் சம்மேளனத்தில் உறுப்பினராயிற்று.

பெண்கள் கரையில் நின்று பார்த்தனர். பிறகு தாமும் ஆட விரும்பினர். லே நகருக்கு அருகே பே என்னும் சிற்றூரில் இயங்கும் 'செக்மோல்' என்ற மாணவர் கல்வி இயக்கத்தின் வளாகத்தில், மாணவியரும் மட்டை பிடிக்க ஊக்குவிக்கப்பட்டனர். 1988இல் தொடங்கப்பட்ட அவ்வியக்கம், பள்ளித் தேர்வில் தோற்ற பிள்ளைகளுக்கு வாழ்வில் மறுவாய்ப்பு அளிக்க முனைந்தது. தேர்வில் தோற்றவர்க்கு மறுவாய்ப்பு உண்டு என நம்பியவர்கள், வாய்ப்பே கிடைக்காதவர்க்கு முதல் வாய்ப்பு வேண்டும் எனக் கருதியது இயல்பே.

ஆயினும் பொதுக்களத்தில் நிலைமை வேறாக இருந்தது. நல்ல நேரமெல்லாம் ஆடவர் அணிகளுக்கே உரியதாயிருந்தது. அவர்கள் ஆடி முடித்து, தளம் கீறிக் கிடக்கும் வேளையில் எஞ்சிய நேரமே பெண்களுக்குக் கிடைத்தது. காலணியும் காப்பும் அண்ணன் தம்பியரிடம் இரவல் வாங்கியவை. அளவு பொருந்தாத காலணிக்குள் துணியைத் திணித்துக் கொண்டு ஆடவேண்டிய நிலை. 'பெண்பிள்ளைகளுக்கு ஏன் இந்த முரட்டு ஆட்டம்? எலும்பு முறிந்தால் யார் மணப்பார்?' என்ற பேச்சும் எழாமலில்லை. ஊர் எதுவாயினும் பேச்சு ஒன்றுதான் போலும்!

முதல் முறை, முதல் தோல்வி

2016ஆம் ஆண்டு இந்தியப் பெண்கள் அணி முதன்முதலாக அனைத்துலகக் களத்தில் இறங்கியது. தைவானின் தைபே நகரில் மார்ச்சு மாதம் நடைபெற்ற ஆசிய சவால் கோப்பைப் போட்டி அது. செல்வதற்குப் பணமில்லை. பொதுமக்களிடம் நன்கொடை வேண்டினர். ஆயிரக்கணக்கானோர் தம்மால் இயன்றதை அனுப்பினர். அணியில் பெரும்பாலோர் லடாக் பெண்கள். உறைந்த குளத்தில் பழகிய அவர்களில் பலருக்கு, கூரையின்கீழ் இயந்திரம் உறையவைத்த முழு அளவுத் தளம் புதிது. அங்கே ஒரு பந்தயத்திலும் அவர்கள் வெல்லவில்லை.

அடுத்த ஆண்டு, 2017 மார்ச்சில், தாய்லாந்தின் பாங்காக் நகருக்குச் சென்றனர். அங்கே பிலிப்பைன்ஸ் அணியை 4க்கு 3 என்ற கோல் கணக்கில் வென்றனர். இந்தியப் பெண்கள் ஐஸ் ஹாக்கியின் முதல் வெற்றி அது. ஆண்டில் இரண்டே மாதம் தளம் காண்பவர்கள், ஆண்டு முழுவதும் தளம் உடையவர்களை வென்றனர் என்பதை எண்ணும்போது அந்த ஒரு கோல் வேறுபாடு எத்துணைப் பெரிதென்று விளங்கும்.

செய்தி கடல் கடந்தது. கனடா நாட்டின் புகழ்பெற்ற வீராங்கனை ஹேலி விக்கன்ஹைசர், 2002 முதல் 2014 வரை நான்கு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற அணிகளில் ஆடியவர். அவர் 2018 சனவரியில் லே நகருக்கே வந்தார். கூடவே விளையாட்டுச் சாதனங்களும் வந்தன. உறைந்த குளத்தில் இறங்கிச் சிறுமியருக்குப் பயிற்சி தந்தார். பிறந்து வளர்ந்த ஊரில் எஞ்சிய நேரத்திற்குக் காத்து நின்ற பெண்களைத் தேடி உலகின் முதல்தர ஆட்டக்காரி வந்தார் என்றால், ஊராரும் அப்பெண்களை மறுபடி ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பர் அன்றோ?

சுவரோவியமும் கோல் வலையும்

அணியின் கோல் காவலர்களுள் ஒருவராக விளங்கியவர் நூர்ஜஹான். லே நகரத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். பழங்கலைப் பொருள்களைப் பழுது பார்த்துக் காக்கும் கல்வியைத் தில்லியில் பயின்றவர். தம் உறவினரான வஜீதா தபஸ்ஸுமுடன் இணைந்து 'ஷெஸ்ரிக் லடாக்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பௌத்த மடாலயங்களின் பழமையான சுவரோவியங்களையும் துணி ஓவியங்களையும் செப்பனிடுவது அவர்கள் பணி.

கோடையில் மெல்லிய தூரிகையால் நூற்றாண்டுகளின் புகையையும் தூசியையும் அகற்றுகிறார். பனிக்காலத்தில் கனத்த காப்புகளை அணிந்து கோல் வலையின்முன் நிற்கிறார். இரண்டும் காக்கும் தொழிலே. இரண்டிலும் கண் இமைக்காத பொறுமை வேண்டும். தம் சமயத்தவரல்லாத அயலாரின் வழிபாட்டிடத்தை இத்துணைப் பரிவோடு பேணும் பெண்ணை அவ்வூர் தன் மகளாகவே கருதுவதில் வியப்பென்ன? லடாக் அணிகளில் பௌத்தக் குடும்பத்துப் பெண்களும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் ஒரே மேலங்கி அணிந்து ஆடுகின்றனர்.

உடையைப் பற்றி நம் வீடுகளில் எழும் கேள்வியையும் இங்கே தொடவேண்டும். ஐஸ் ஹாக்கி ஆடுபவர் தலைமுதல் கால்வரை மூடப்பட்டிருப்பார். தலைக்கவசத்தின்கீழ் முக்காடணிந்து ஆடும் பெண்களை ஈரான், ஐக்கிய அரபு அமீரக அணிகளில் காணலாம். அமீரகத்தின் ஃபாத்திமா அல் அலீ என்ற வீராங்கனையின் திறத்தைக் காணொளியில் கண்டு வியந்த அமெரிக்கத் தொழில்முறை அணியொன்று, 2017 பிப்ரவரியில் அவரை வாஷிங்டனுக்கு அழைத்து, ஆட்டத்தின் தொடக்கச் சடங்காகிய 'பக்' இடும் சிறப்பை அவருக்கு அளித்தது. ஆகவே துணி ஒரு தடையாக இருந்ததில்லை. தளம் கிடைக்கிறதா, நேரம் கிடைக்கிறதா என்பனவே எங்கும் தடைகளாக இருந்திருக்கின்றன.

அட்டவணையில் ஏறிய பெயர்கள்

2024 சனவரியில் லே நகரில் ஐஸ் ஹாக்கி லீக் ஒன்று தொடங்கப்பட்டது. ஆடவர் அணிகளோடு பெண்கள் அணிகளுக்கும் அதில் தனிப் பிரிவு வகுக்கப்பட்டது. மர்யுல் ஸ்பாமோ, ஹுமாஸ் குயின்ஸ் என்னும் பெயர்களில் பெண்கள் அணிகள் களமிறங்கின. அடுத்த மாதமே கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அதே நகரில் நடைபெற்றன. 2025லும் ஐஸ் ஹாக்கிப் போட்டிகள் அங்கேயே நடந்தன. இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படையும் பெண்கள் அணியொன்றை அமைத்திருக்கிறது. லடாக் வீராங்கனைகள் பலர் அப்படையில் சேர்ந்து அரசு ஊதியம் பெறுகின்றனர். 'மட்டை பிடித்து என்ன சம்பாதிப்பாய்?' என்று கேட்ட வாய்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

லீக் என்பது வெறும் பரிசுப் போட்டியன்று. அதன் பயன் அதன் அட்டவணையில் உள்ளது. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இரு அணிகள் என்று முன்னரே எழுதி ஒட்டப்படுகிறது. எழுதிய பின் 'இன்று வேண்டாம், நாளை பார்க்கலாம்' என்று ஒதுக்க முடியாது. ஆடவர் ஆட்டம் நீண்டு விட்டதால் பெண்கள் ஆட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. ஓர் அணி ஐந்தாறு முறை களம் காண்கிறது. தோற்றால் அடுத்த ஆட்டத்தில் திருத்திக் கொள்கிறது. எங்கள் ஊர்ச் சொல்லால் சொல்வதானால், சீட்டில் அவர்கள் பெயர் ஏறிவிட்டது.

பலன் விரைவிலேயே கிடைத்தது. 2025ஆம் ஆண்டு மே இறுதியில் தொடங்கி சூன் முதல் வாரம் வரை பெண்களுக்கான ஆசியக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. இடம் எதுவென்று எண்ணுகிறீர்கள்? ஐக்கிய அரபு அமீரகத்தின் அல்ஐன்! நம் குடும்பங்களில் தந்தையோ கணவரோ மகனோ பிழைக்கச் சென்ற பாலைவன நகரம். வெளியே அனல் காற்று. உள்ளே இயந்திரம் உறையவைத்த வெண்தளம். அங்கே இந்தியப் பெண்கள் வெண்கலப் பதக்கம் வென்றனர். அனைத்துலகப் போட்டியில் அவர்கள் பெற்ற முதற் பதக்கம் அதுவே. தைபேயில் வெறுங்கையோடு திரும்பிய ஆண்டிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது ஆண்டுகள்.

குறுகி வரும் காலம்

கதை இத்துடன் இனிதே முடிந்தது என்று சொல்ல விருப்பந்தான். ஆனால் மற்றொரு கவலை அவர்களைச் சூழ்ந்து நிற்கிறது. பனிக்காலம் முன்போல் இல்லை. குளங்கள் தாமதமாக உறைகின்றன; விரைவாக உருகுகின்றன. முன்பெல்லாம் இன்னும் நீண்டிருந்த ஆட்டக்காலம் சுருங்கி வருவதாக லடாக்கின் ஆட்டக்காரர்கள் கூறுகின்றனர்.

இதனை எடுத்துரைக்க எங்கள் ஏரிக்கரை மக்களுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைத்துக் கொண்டால் கடல்நீர் வராது. இறால் குஞ்சும் வராது. பாடு வந்தும் பயனில்லாத நாள்கள் உண்டு என்பதை அவர்கள் அறிவர். நீரை நம்பிய வாழ்வு உயர்ந்த மலையிலும் தாழ்ந்த கரையிலும் ஒரே வகையாகத்தான் அஞ்சுகிறது.

லே நகரின் என்.டி.எஸ். மைதானத்தில் செயற்கைத் தளம் அமைந்திருப்பது பெரும் ஆறுதல். வெயிலைப் பொறுத்தன்றி மின்சாரத்தைப் பொறுத்து உறையும் தளம் அது. நாட்டில் இத்தகைய தளங்கள் மிகச் சில. 2011 சனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காக டேராடூனில் கட்டப்பட்ட முழு அளவுத் தளம், நடத்திச் செல்லப் பணமின்றி நெடுங்காலம் பூட்டிக் கிடந்து, 2025இல்தான் மீண்டும் உயிர் பெற்றது.

இங்கேதான் பழைய கேள்வி மறுபடி தலைதூக்குகிறது. பத்துக் குளங்கள் உறைந்தபோது பெண்களுக்கு ஒன்றாவது எஞ்சியது. இனித் தளம் ஒன்றேயாகிப் போனால், அதன் நல்ல நேரம் யாருக்கு? வளம் சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது எவருடைய முறை என்பதை நம் அடுக்களை அனுபவத்திலேயே நாம் அறிவோம். மீன் குறைந்த நாளில் தலைத்துண்டு எவர் தட்டிலும், வெறுங்குழம்பு எவர் தட்டிலும் விழுகின்றன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே லடாக் பெண்கள் வென்ற பதக்கத்தைவிட, அட்டவணையில் அவர்கள் பெற்ற இடத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். பதக்கம் ஒரு நாளைய மகிழ்ச்சி. அட்டவணையில் பெற்ற இடம், அடுத்து வரும் சிறுமிக்குச் சேரும் உரிமை.

எங்கள் தெருத் திடல்

இத்தனையும் கேட்டுவிட்டு என் தங்கை மகள் அமைதியாக இருந்தாள். பிறகு, "நம் தெருக்கோடித் திடலில் எங்களுக்குப் பாடு எப்போது பெரியம்மா?" என்றாள்.

சகோதரிகளே, இக்கேள்வியின்முன் நான் நாணி நின்றேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு சிறு திடல் உள்ளது. நாள்தோறும் மாலையில் பையன்கள் அங்கே கிரிக்கெட் ஆடுவர். ஈராண்டுகளுக்கு முன் இவளும் நான்கைந்து தோழியரும் எறிபந்து ஆட அங்கே சென்றனர். 'பையன்கள் ஆடுமிடத்தில் உங்களுக்கென்ன வேலை?' என்று அதட்டி அழைத்து வந்தவள் வேறு எவருமல்லள், நானேதான். அன்று பையன்கள் மறுக்கவில்லை. ஊர்ப் பெரியவர்கள் மறுக்கவில்லை. தடுத்தது என் குரல். அதன்பின் அவள் அத்திடலின் பக்கம் போகவேயில்லை. மாலைப் பொழுதுகளில் என்னருகே அமர்ந்து ஓலை கிழிக்கப் பழகினாள். 'எவ்வளவு அடக்கமான பிள்ளை!' என்று பிறரிடம் பெருமை பேசியிருக்கிறேன். அவளிடமிருந்து எதைப் பறித்தேன் என்று அன்று எண்ணவில்லை.

என் இளமையிலும் இதுவே நடந்தது. ஏரியில் நீர் வற்றும் கோடையில் ஈரமணலில் கோடு கிழித்துப் பாண்டி ஆடுவோம். பன்னிரண்டு வயதில் ஒருநாள் உம்மா அழைத்து, 'இனிப் போதும்' என்றார். அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. எனக்குச் சொல்லப்பட்டதை நான் அப்படியே கைமாற்றித் தந்திருக்கிறேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுத் தாய்மார் சிலரை அழைத்துப் பேசினேன். வாரத்தில் இரு மாலைகள், அசர் தொழுகைக்குப் பின் மஃரிப் வரை, திடல் பெண்பிள்ளைகளுக்கு என்று முறை வகுக்கலாமே என்றேன். ஒருவர் தயங்கினார். ஒருவர் 'ஊர் என்ன சொல்லும்?' என்றார். 'ஊர் என்பது நாம்தானே, இங்கே உட்கார்ந்திருப்பவர்கள்தானே' என்று மூன்றாமவர் சொன்னபோது எல்லாரும் சிரித்து விட்டோம். பையன்களின் தலைவனாக உள்ள கல்லூரி மாணவனை அழைத்துக் கேட்டோம். தலையைச் சொறிந்து கொண்டே, "சனிக்கிழமை மட்டும் முடியாது லாத்தா, அன்று எங்களுக்குப் பந்தயம். செவ்வாயும் வியாழனும் எடுத்துக் கொள்ளுங்கள்" என்றான். இத்துணை எளிதாகக் கிடைக்கக்கூடிய ஒன்றை ஈராண்டுகள் கேட்காமலே இருந்திருக்கிறோம்!

முதற் செவ்வாய்க்கிழமை பதினோரு பெண்பிள்ளைகள் வந்தனர். குப்பத்திலிருந்து இவளுடைய பள்ளித் தோழியர் மூவரும் வந்திருந்தனர். ஒரே ஒரு பந்து. யார் முதலில் ஆடுவது என்று சச்சரவு எழுந்தது. என் தங்கை மகள் வீட்டிற்கு ஓடி வந்தாள். நான் கிழித்து வைத்திருந்த ஓலையில் ஒரு பிடியை அள்ளிச் சென்று, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரை எழுதி, மடித்து, கூடையிலிட்டுக் குலுக்கினாள். குப்பத்துப் பெண்ணொருத்தி கண்ணை மூடிக்கொண்டு முதற் சீட்டை எடுத்தாள்.

ஏரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக ஆடவர் பெயர்கள் மட்டுமே ஏறிவந்த சீட்டு, அன்று மாலை பதினோரு பெண்பிள்ளைகளின் பெயர்களைத் தாங்கியிருந்தது. திண்ணையில் நின்று பார்த்துக் கொண்டிருந்தேன்.

உங்கள் தெருவிலும் ஒரு திடல் இருக்கும். அது யாருடைய முறையில் இருக்கிறது என்று இன்று மாலை ஒருமுறை சென்று பார்த்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.